முறையிடலாம், முறுமுறுக்க வேண்டாம்: கடவுளை நம்புவது பற்றி ஓர் எளிய விளக்கம்

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை என்று தமிழும் மலையாளமும் கலந்து கிடக்கும் எங்கள் எல்லையோரத்தில் ஜெபக்கூட்டம் இல்லாத வாரமே கிடையாது. "கர்த்தரை நம்பு, பயப்படாதே, குறை சொல்லாதே" என்ற பேச்சு காதில் விழாத நாளும் கிடையாது. சொல்லட்டும், நல்ல வார்த்தைதான். ஆனால் அதை யாரிடம், எப்படி, என்ன அர்த்தத்தில் சொல்கிறோம் என்று யோசிக்காமல் சொல்லிவிடுகிறோம். திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனையில் பயாப்சி ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கும் ஒரு அம்மாவிடம் போய் "பயந்தா விசுவாசம் இல்லன்னு அர்த்தம்" என்று சொன்னால், அவர் இரண்டு சுமையோடு வீடு திரும்புவார். நோயைப் பற்றிய பயம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு மேல் 'ஐயோ பயந்துவிட்டேனே' என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும்.

வேதாகமம் அப்படிச் சொல்லவே இல்லை. அது பயத்தை ஒரு மாதிரியும், கடவுளிடம் அழுது கேட்பதை ஒரு மாதிரியும், கடவுளைப் பற்றிக் குறை பேசுவதை வேறு மாதிரியும் நடத்துகிறது. இந்த மூன்றையும் நாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதால்தான் இத்தனை குழப்பம். வேதத்தை இப்போதுதான் திறக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன், அதனால் இறையியல் படிப்பில் வரும் பெரிய விவாதங்களுக்குள் போகவில்லை.

முதலில், பயம் பாவமா?

பயம் உடம்பில் எழும் எச்சரிக்கை. ஆபத்து என்று மூளைக்குப் பட்டவுடன் அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. நாம் தீர்மானித்து வருவதில்லை அது. இருட்டில் காலடியில் ஏதோ நெளிந்தால் துள்ளி விலகுகிறோமே, அப்படி விலக வைப்பதற்காகவே படைக்கப்பட்ட ஏற்பாடு அது.

சங்கீதம் 56-ஐ எடுத்துப் பாருங்கள். பெலிஸ்தர் காத் ஊரில் தாவீதைப் பிடித்த சமயத்தில் பாடியது என்று அதன் தலைப்பு சொல்கிறது. அதில் மூன்றாம் வசனம்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயமெல்லாம் போன பிறகு நம்புவேன் என்று அவர் சொல்லவில்லை. பயப்படுகிற அதே நாளில் நம்புவேன் என்கிறார். இரண்டும் ஒரே மனதுக்குள், ஒரே நேரத்தில். கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே வியாகுலப்பட்டார், பெரிய ரத்தத்துளிகளைப் போல வேர்வை தரையில் விழுந்தது என்று லூக்கா எழுதுகிறார். பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போகும் அளவுக்கு ஆசியா மாகாணத்தில் வருத்தம் வந்தது என்று பவுல் கொரிந்து சபைக்கு ஒளிக்காமல் எழுதுகிறார். இவர்களை விசுவாசம் இல்லாதவர்கள் என்று யாராவது சொல்வோமா?

"அப்போ பயப்படாதே என்று வேதத்தில் அத்தனை இடத்தில் வருகிறதே?" வருகிறதுதான். (அது சரியாக 365 முறை, நாளைக்கு ஒன்று, என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கணக்கை மட்டும் நம்பாதீர்கள், எண்ணிப் பார்த்தால் அந்த எண் வராது. கடவுளைப் புகழ்வதற்குப் பொய்க்கணக்கு தேவையில்லை.) அந்த வசனங்களில் பல ஒரு காரணத்தோடு வருகின்றன. ஏசாயா 41-ல் "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்" என்று வருகிறது. அது குழந்தையைத் தூக்கி எடுத்துக்கொண்டு சொல்கிற பேச்சு. அதை நாம் பிரம்பு மாதிரி கையில் எடுத்து, பயந்தவனை அடிக்கப் பயன்படுத்துகிறோம்.

ஆக இதுவரைக்கும்: பயம் வருவது குற்றமில்லை. வந்த பயத்தோடு எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பதுதான் இனிப் பார்க்க வேண்டியது.

அண்ணன் வீட்டுத் திண்ணையும் சந்தைப் பேச்சும்

அப்பா இறந்து, ரப்பர் தோட்டத்தைப் பங்கு வைக்கிறார்கள். அண்ணன் தனக்கு அநியாயம் செய்துவிட்டார் என்று தம்பிக்குக் கோபம். அவர் இரண்டு வழியில் போகலாம். ஒன்று, நேராக அண்ணன் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, "அண்ணே, நீ செஞ்சது நியாயமா? அப்பா இருந்திருந்தா இப்பிடிப் பங்கு வைப்பாரா? பதில் சொல்லாம நான் இங்கிருந்து எந்திரிக்க மாட்டேன்" என்று கேட்பது. குரல் உயரும், கண்ணீர் வரும், அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்தால் தொடாமல் இருப்பார். இன்னொன்று, அண்ணன் முகத்தையே பார்க்காமல் சந்தையிலும் சாயாக்கடையிலும் நின்று "எங்க அண்ணன் எப்பவுமே இப்படித்தான், என்னைக் கெடுக்கணும்னே பிறந்தவன்" என்று பத்துப் பேரிடம் சொல்லித் திரிவது.

முதலாவதில் சத்தம் அதிகம். ஆனால் உறவு உயிரோடு இருக்கிறது. 'இவரிடம் கேட்டால் பதில் வரும், இவர் என் அண்ணன்' என்ற நம்பிக்கை இருப்பதால்தான் தம்பி அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவதில் குரல் தணிந்திருக்கலாம், சிரித்துக்கொண்டேகூடச் சொல்லலாம், ஆனால் தீர்ப்பை எழுதிவிட்டார்.

முதலாவதை இங்கே முறையிடுதல் என்று சொல்கிறேன்: வலியை, கோபத்தை, கேள்வியைக் கடவுளிடமே கொண்டுபோய்ச் சொல்வது. இரண்டாவதற்குப் பெயர் முறுமுறுத்தல்: அதே வலியைக் கடவுளிடம் சொல்லாமல், அவர் கெட்ட எண்ணம் உள்ளவர் என்று முடிவு கட்டிக்கொண்டு, நமக்குள்ளேயும் பக்கத்தில் இருப்பவர்களிடமும் பேசிக்கொண்டே இருப்பது. விசுவாசம் என்ற சொல்லையும் இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். நடப்பது எதுவும் விளங்காதபோதும், அவர் நல்லவர் என்று பிடித்துக்கொண்டு அவர் பக்கமே திரும்புவது.

ஒரே அதிகாரத்தில் இரண்டு புகார்

இந்த வித்தியாசம் நானாகக் கட்டியது இல்லை என்பதற்கு எண்ணாகமம் 11-ஆம் அதிகாரம் போதும். விசுவாசத்தைப் பற்றிப் புதிதாகப் படிக்கிறவர்கள் முதலில் இதைப் படித்தால் நல்லது என்பது என் எண்ணம், ஏனோ நம் பிரசங்கங்களில் இதன் பாதிதான் வருகிறது.

இஸ்ரவேலர் எகிப்திலிருந்து வெளியே வந்து வனாந்தரத்தில் நடக்கிறார்கள். தினமும் காலையில் கடவுள் தரும் மன்னா என்ற உணவு கிடைக்கிறது. அதை இடித்து, வேகவைத்து, அப்பம் சுட்டுச் சாப்பிடுகிறார்கள். ஒரு கட்டத்தில் சலித்துப்போகிறது. எகிப்தில் கிரயமில்லாமல் சாப்பிட்ட மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், கீரை, வெங்காயம், வெள்ளைப்பூண்டு எல்லாம் நினைவுக்கு வருகிறது. இப்போது இந்த மன்னாவைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லையே என்று, அவரவர் கூடாரவாசலில் நின்று அழுகிறார்கள். கடவுளிடம் யாரும் போகவில்லை. கர்த்தருக்குக் கோபம் மூண்டது என்று வசனம் சொல்கிறது.

இங்கேதான் பிரசங்கம் வழக்கமாக நின்றுவிடும். ஆனால் அடுத்த வசனத்திலேயே அவர்களை நடத்திவந்த மோசே புகார் சொல்கிறார், அதுவும் ஜனங்கள் சொன்னதைவிடக் கடுமையாக. இவ்வளவு பெரிய பாரத்தை ஏன் என்மேல் போட்டீர்? இவர்களையெல்லாம் நானா கர்ப்பந்தரித்தேன், நானா பெற்றேன்? இவர்களுக்கு இறைச்சி எங்கிருந்து கொண்டுவருவேன்? என்னால் தனியாகச் சுமக்க முடியாது, இப்படியே என்னை நடத்துவதானால் என்னைக் கொன்றுபோடும், அதுவே எனக்குத் தயவு. இதெல்லாம் மோசே கர்த்தரிடம் நேருக்கு நேர் சொன்னவை.

இதற்கு என்ன தண்டனை வந்தது? ஒன்றும் இல்லை. எழுபது மூப்பர்களைக் கூட்டிக்கொண்டு வா, உன்மேல் இருக்கும் ஆவியில் எடுத்து அவர்கள்மேல் வைப்பேன், நீ தனியாகச் சுமக்காதபடிக்கு அவர்கள் உன்னோடு சுமப்பார்கள் என்று பதில் வருகிறது. திட்டுக்குப் பதில் ஆள் உதவி. ஜனங்களுக்கும் கேட்ட இறைச்சி கிடைத்தது, காடைகள் குவிந்தன, ஆனால் அது அவர்களுக்கு வாதையாக முடிந்தது.

இரண்டு பேரும் புகார் சொன்னார்கள், இரண்டு பேரும் 'முடியவில்லை' என்றார்கள். ஜனங்கள் கூடாரவாசலில் நின்று சொன்னார்கள். மோசே கடவுளின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

முறுமுறுப்பு உள்ளே எப்படி வேலை செய்கிறது

அது முதலில் கை வைப்பது ஞாபகத்தில். மேலே சொன்ன பட்டியலைத் திரும்பப் பாருங்கள்: மீன், வெள்ளரி, வெங்காயம். அதில் செங்கல் சூளை இல்லை, ஆளோட்டியின் அடி இல்லை, ஆண் குழந்தைகளை நைல் நதியில் போடச் சொன்ன பார்வோன் இல்லை. 'கிரயமில்லாமல்' என்கிறார்கள், அவர்கள் கொடுத்த விலை அடிமைத்தனம். கடந்து வந்ததில் வலித்ததையெல்லாம் துடைத்துவிட்டு, இன்று இல்லாததை மட்டும் பெரிதாக்கிக் காட்டுவதுதான் முறுமுறுப்பு நமக்குச் செய்யும் முதல் வேலை. கடவுள் இதுவரை கொண்டுவந்த வழியும் அந்தத் துடைப்பில் சேர்ந்து அழிந்துபோகிறது.

அப்புறம் அது கடவுளின் உள்நோக்கத்துக்குத் தீர்ப்பு எழுதுகிறது. உபாகமம் முதல் அதிகாரத்தில் மோசே பழைய கதையை நினைவுபடுத்தும்போது சொல்கிறார்: நீங்கள் கூடாரங்களில் முறுமுறுத்து, கர்த்தர் நம்மை வெறுத்ததால்தான் அழிப்பதற்காக எகிப்திலிருந்து கொண்டுவந்தார் என்றீர்கள். 'தண்ணீர் இல்லை' என்பது செய்தி. 'எங்களுக்குத் தாகமாயிருக்கிறது, தாரும்' என்பது விண்ணப்பம். 'நம்மைக் கொல்லத்தான் கொண்டுவந்திருக்கிறார்' என்பது தீர்ப்பு. முதல் இரண்டிலிருந்து மூன்றாவதற்கு மனது தாவும் வேகத்தை நாம் கவனிப்பதே இல்லை. மகனுக்கு வளைகுடா விசா தள்ளிப்போகிறது என்பது செய்தி, 'கர்த்தர் நம்ம குடும்பத்தை மறந்துட்டார்' என்பது தீர்ப்பு, இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம்.

கடைசியாக, அது பரவுகிறது. கடவுள் தருவதாகச் சொன்ன கானான் நாட்டை வேவு பார்க்கப் போன பன்னிரண்டு பேரும் நாற்பது நாள் ஒரே நாட்டைத்தான் சுற்றினார்கள், ஒரே திராட்சைக்குலையைத்தான் பார்த்தார்கள், ராட்சதர்களையும் அரணான பட்டணங்களையும் எல்லோரும்தான் பார்த்தார்கள். காலேபும் யோசுவாவும் 'அங்கே ராட்சதர் இல்லை' என்று சொல்லவில்லை. கர்த்தர் நம்மோடு இருக்கிறார், பயப்பட வேண்டாம் என்றார்கள். மற்ற பத்துப் பேர் "நாங்கள் வெட்டுக்கிளிகளைப் போல் இருந்தோம்" என்றார்கள், அன்று இரவு சபை முழுவதும் அழுதது. பத்துப் பேர் வாயிலிருந்து வந்தது ஒரு ஜனத்தையே நாற்பது வருஷம் வனாந்தரத்தில் நிறுத்தியது. விசுவாசிக்கிறவன் உண்மை நிலவரத்தை மறைக்க வேண்டியதில்லை என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். கடன் இருந்தால் கடன் இருக்கிறது என்று சொல்லலாம்.

சுருக்கமாக: ஞாபகத்தைத் திருத்துவது, கடவுளுக்குத் தீர்ப்பு எழுதுவது, அடுத்தவனுக்கு ஒட்டவைப்பது, இவை சேர்ந்ததுதான் முறுமுறுப்பு. அழுவது அதில் சேராது.

நம்பிக்கை எப்படி வேலை செய்கிறது

சங்கீதம் 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம், வாய்விட்டு வாசிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: எதுவரைக்கும் என்னை மறப்பீர், எதுவரைக்கும் உம் முகத்தை மறைப்பீர். அடுத்த இரண்டில் வேண்டுதல்: நோக்கிப் பார்த்துப் பதில் தாரும், நான் செத்துப்போவேன். கடைசி இரண்டில் 'நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்' என்று திரும்புகிறது. நடுவில் சூழ்நிலை மாறியதாக ஒரு வார்த்தையும் இல்லை. கொட்டித் தீர்த்ததற்குப் பிறகு ஞாபகம் முழுமையாகத் திரும்பி வருகிறது, இதுவரை செய்த நன்மை நினைவுக்கு வருகிறது, அவ்வளவுதான். மொத்தம் 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த மாதிரி முறையீடுதான். அத்தனையும் கோயிலில் பாடுவதற்கென்றே சேர்த்து வைத்திருக்கிறார்கள். சங்கீதம் 88 கடைசிவரை திரும்பவே இல்லை, இருளில்தான் முடிகிறது. அதையும் எடுத்துப்போடாமல் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஜெபம் 'ஆனாலும் ஸ்தோத்திரம்' என்று முடியாத இரவில் அந்தச் சங்கீதம் உங்களுக்காக இருக்கிறது.

நம்பிக்கையின் இன்னொரு பாதி மன்னாவில் இருக்கிறது. யாத்திராகமம் 16-ன்படி அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்று காலையில் போய்ச் சேர்க்க வேண்டும். நாளைக்கு ஆகட்டும் என்று மீதம் வைத்தால் புழுத்து நாறியது. ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பாகச் சேர்க்கலாம், அது ஓய்வுநாள்வரை கெடவில்லை. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்திலும் இன்று என்ற அளவுதான். இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் ரப்பர் வெட்டுக்குப் போகிறவருக்கு வேலை நாள் குறையும், ஷீட் விலையும் அவர் கையில் இல்லை. அவரிடம் போய் 'அடுத்த வருஷத்தைப் பற்றியும் தைரியமாக இரு' என்று கேட்பது அதிகம். இன்றைக்கு உள்ளதற்கு இன்று கேட்பது, இன்று செய்யக்கூடிய வேலையைச் செய்வது, வேதம் கேட்பது அந்த அளவுதான். இதை வைத்துச் சேமிப்பே தப்பு என்றும் சொல்லிவிடக்கூடாது, யோசேப்பு ஏழு வருஷம் தானியம் சேர்த்தது கடவுள் காட்டிய வழியில்தான்.

யோபுவும் நட்டாலத்துக்காரரும்

எங்கள் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் நட்டாலம் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1712-ல் அங்கே பிறந்த நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் அரசில் வேலை பார்த்தவர். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு நண்பர். குடும்பத்தில் அடுத்தடுத்து நஷ்டம் வந்து அவர் உடைந்துபோயிருந்த சமயத்தில், டிலனாய் அவருக்கு, பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் கதையைச் சொன்னார் என்று அவர் வரலாற்றைச் சொல்கிறவர்கள் சொல்வார்கள். 1745-ல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனவர், 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

உடைந்துபோன ஒருவருக்கு டிலனாய் யோபுவைத் தேர்ந்தெடுத்ததை நினைத்துப் பார்க்கிறேன், ஏனென்றால் யோபு பொறுமைக்கு உதாரணம் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். புத்தகத்தைத் திறந்தால் மூன்றாம் அதிகாரத்திலேயே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதிகாரம் அதிகாரமாகக் கடவுளிடம் வழக்காடுகிறார். கூட வந்த நண்பர்களோ கடவுளுக்காகப் பரிந்து, 'நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அதான்' என்று அழகழகாகப் பேசுகிறார்கள். கடவுள் கடைசியில் பெருங்காற்றிலிருந்து பேசும்போது யோபுவையும் கண்டிக்கத்தான் செய்கிறார், அறியாமல் பேசினாய் என்று. ஏன் இந்தத் துன்பம் வந்தது என்ற கேள்விக்கு விளக்கமும் கொடுக்கவில்லை. ஆனால் 42-ஆம் அதிகாரத்தில் அந்த நண்பர்களில் ஒருவரான எலிப்பாசைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். திட்டமாகப் பேசிய பக்திமான்கள் யோபுவைப் போய்ப் பார்த்து, தங்களுக்காக ஜெபிக்கக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. துக்க வீட்டுக்குப் போகும் நாம் எல்லோரும் ஒருமுறையாவது இதைப் படித்துவிட்டுப் போகலாம்.

அப்போ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா?

நம்புவது என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பது என்ற தவறான எண்ணம்தான் உயிருக்கே ஆபத்தானது. சுகர் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், ஸ்கேனைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதை விசுவாசம் என்று சாட்சி சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எருசலேம் மதிலைக் கட்டும்போது எதிரிகள் சூழ்ந்தார்கள். கட்டுமானத்தை நடத்திய நெகேமியாவும் அவர் ஆட்களும் என்ன செய்தார்கள்? தேவனை நோக்கி ஜெபித்தார்கள், இராவும் பகலும் காவலுக்கு ஜாமக்காரரை வைத்தார்கள், ஒரே வசனத்தில் இரண்டும். ஆலயத்தின் உப்பரிகையிலிருந்து குதித்துப் பார், தூதர்கள் தாங்குவார்கள் என்று இயேசுவிடம் வசனம் காட்டிச் சொன்னது பிசாசு. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்பதுதான் அதற்குப் பதில்.

அநியாயத்தைக் கேட்பதும் முறுமுறுப்பில் சேராது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று எங்கள் மேற்குக் கடற்கரையிலிருந்து கடலுக்குப் போயிருந்த எத்தனையோ பேர் திரும்பவில்லை. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. தேடுதலை விரைவுபடுத்தச் சொல்லி, டிசம்பர் முதல் வாரத்தில் மீனவ மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள், அவர்களோடு பாதிரியார்களும் இருந்தார்கள். அந்த நேரத்தில் 'ஜெபம் பண்ணாமல் போராட்டமா' என்று முணுமுணுத்தவர்களுக்கு லூக்கா 18-ஐக் காட்டலாம். கடவுளுக்குப் பயப்படாத நியாயாதிபதியிடம் ஓயாமல் போய் நின்று நியாயம் கேட்ட விதவையை, சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதற்கு உதாரணமாகவே இயேசு காட்டுகிறார்.

எலியாவுக்கு முதலில் கிடைத்தது

பயம் முற்றிப்போனவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றியைப் பார்த்த தீர்க்கதரிசி எலியா, யேசபேல் ராணியின் ஒரு மிரட்டலில் உயிர் பிழைக்க ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றார். 1 இராஜாக்கள் 19-ல் இருக்கிறது. அவருக்கு உடனே பிரசங்கம் வரவில்லை. தூங்கினார். தூதன் தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்றான், தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார். இரண்டாம் முறையும் சாப்பாடுதான், போக வேண்டிய தூரம் அதிகம் என்று சொல்லி. கடவுள் அவரோடு பேசியது நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில்.

அதனால் வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல், நெஞ்சுப் படபடப்போடு, 'இனி இருந்து என்ன' என்ற எண்ணத்தோடு வீட்டில் யாராவது இருந்தால் அவரிடம் வசனத்தை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். முதலில் சாப்பிட வையுங்கள், தூங்க விடுங்கள், பக்கத்தில் இருங்கள், டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம், இரவு எந்த நேரமானாலும் எடுப்பார்கள். போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், சபை அறிவிப்புப் பலகையிலும் எழுதிப் போடுங்கள்.